வெயிலுக்கு ஓர் அறை

நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவனுக்கு முதல் எதிரி வெயில். மேற்கே ஜன்னல் வைக்காதே, மாடியில் தட்டோடு பதி, வாசலில் தாழ்வாரம் இறக்கு என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்வதெல்லாம் அந்த ஓர் எதிரியை மனத்தில் வைத்துத்தான். அந்த வெயிலை விருந்தாளிபோல் அழைத்து உட்கார வைப்பதற்கென்றே தனியாக ஓர் அறை கட்டுகிறார்கள் என்று சொன்னால் எங்கள் ஊர்க் கொத்தனார் சிரிப்பார். ஆனால் 2023ஆம் வருஷம் ஜனவரி மாதம், கனடாவில் டொரான்டோ நகரத்து ஸ்கார்பரோவில், என் பெரியம்மாவின் மகன் வீட்டில் நான் தங்கியிருந்த நாட்கள் பூராவும் இந்தப் பேச்சுத்தான். 'சன் ரூம்' என்று அண்ணன் சொன்னார். வெயிலறை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். பெரியப்பா காலமான பிறகு அண்ணன் அவளைத் தம்மோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். கோடையில் ஒரு குறையும் இல்லை. நவம்பர் பிறந்தால் கதவு அடைபடும். ஏப்ரல் வரை அடைபட்டே இருக்கும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூடக் கிடையாது. மாலை ஐந்து அடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. அண்ணனும் மதினியும் வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு. பெரியம்மாவும் டெலிவிஷனும்தான் வீட்டில். "பனி விட்டதும் என்னை ஊர்ல கொண்டு விட்டிரு" என்று தினமும் ஒரு முறையாவது சொல்வாள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. இது அண்ணனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதற்குப் பரிகாரமாகத்தான் வெயிலறை. காண்டிராக்டர் ஒருவர் வந்து ஒரு படப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். சுவரெல்லாம் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு பெண்மணி கையில்லாத ரவிக்கையோடு நாவல் படித்துக்கொண்டிருந்தாள். விளம்பரப் படங்களில் யாருக்கும் குளிருவதில்லை.

"நீ என்னப்பா சொல்றே?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். கட்டட விஷயத்தில் கதை எழுதுகிறவனிடம் அபிப்பிராயம் கேட்பது அவ்வளவு புத்திசாலித்தனமான காரியமில்லை. ஆனாலும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஓர் அறையைக் கற்பனை செய்தால் அதில் ஒரு மனுஷியை உட்கார வைத்து, காலையிலும் ராத்திரியிலும் அவள் என்ன செய்வாள் என்று பார்ப்போம். அந்தப் படத்து அறையில் பெரியம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். ஜனவரி ராத்திரியில் விறைத்துப் போனாள்; ஜூலை மத்தியானத்தில் வெந்து போனாள்.

காரணம், கண்ணாடியின் குணம் அப்படி. சூரியனிடமிருந்து வருகிற ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். அந்த ஒளி தரையிலும் நாற்காலியிலும் பட்டு உஷ்ணமாக மாறியபின் அதைச் சுலபத்தில் திரும்ப விடாது. இது வரவு. ஆனால் உஷ்ணத்தை வெளியே கடத்துவதில் நல்ல சுவரோடு ஒப்பிட்டால் கண்ணாடி ஓட்டைக் கை. உள்ளே பஞ்சு வைத்து அடைத்த சுவர் குளிரைத் தடுக்கிற சக்தியை இருபது என்று வைத்துக்கொண்டால், ஒற்றைக் கண்ணாடிக்கு ஒன்று; இரட்டைக் கண்ணாடிக்கு இரண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயுவை நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சும் கொடுத்தால் மூன்றைத் தாண்டும். மூன்று கண்ணாடி அடுக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறும். பகலில் நாலு மணி நேரம் சம்பாதித்ததை ராத்திரி பதினாலு மணி நேரத்தில் ஊதித் தள்ளிவிடுகிற பிள்ளை அது.

இன்னொன்றும் உண்டு. அறைக்குள் இருபத்தோரு டிகிரி என்று கருவி காட்டும். கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தவருக்கோ முதுகு நடுங்கும். குளிர்ந்த கண்ணாடி தனக்கு எதிரே இருக்கிற உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. காற்றின் உஷ்ணத்தை மட்டும் அளக்கிற கருவிக்கு அது தெரியாது. கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்றும் கீழே இறங்கிக் காலடியில் ஓடும். வயதானவர்கள் "எங்கேயோ ஜன்னல் திறந்திருக்கு" என்று சொல்வதை நாம் நம்புவதில்லை. அவர்கள் சொல்வதுதான் சரி.

அதனால் கூரையில் கண்ணாடி வேண்டாம் என்பது முதல் தீர்மானம். பிறகு வந்த இஞ்சினியரும் அதையே சொன்னார். டொரான்டோவில் டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து இருபத்து மூன்று டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அவ்வளவு தாழ்ந்து வருகிறவரை வரவேற்கத் தெற்குச் சுவரே போதும். ஜூன் மாதத்தில் அதே சூரியன் எழுபது டிகிரிக்கு ஏறிவிடும். கூரையை இரண்டடி வெளியே நீட்டிவிட்டால், ஜூன் நடுப்பகலில் தெற்கு ஜன்னல்மேல் ஐந்தரை அடி நிழல் விழும். டிசம்பரில் ஓர் அடிகூட விழாது. யாரும் திரை இழுக்க வேண்டியதில்லை. நம் தாழ்வாரத்தின் தத்துவம்தான், கணக்கு மட்டும் வேறே.

இவ்வளவும் ஆனபின் மதினி ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டர் அத்தைக்கு வெயில் படணும்னு சொன்னாரே, வைட்டமின் டி, அது இதுல கிடைக்குமா?" கிடைக்காது. தோலில் அந்தச் சத்தை உண்டாக்குகிற புற ஊதாக் கதிர்களை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடியே இல்லாவிட்டாலும், அந்த அட்சரேகையில் நடுக் குளிர்காலத்து வெயிலில் அந்தக் கதிர்கள் இருப்பதே அபூர்வம். பெரியம்மா மாத்திரைதான் சாப்பிட வேண்டும்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அப்போ இவ்வளவு செலவும் எதுக்கு?" என்றார்.

எதற்கு என்பதை யாரும் பெரியம்மாவைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பங்கரையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பின்கட்டில், தெற்குப் பார்த்து, தோட்டத்தை நோக்கி ஓர் அறை. அதில் வெயில் வரும் என்றேன்.

"வெயிலு எனக்கு எதுக்குல? நம்மூர்ல பாக்காத வெயிலா? நாலு மனுஷ மக்க முகத்தப் பாத்தாப் போதும். தோட்டத்துல யாரு வரப்போறா, அணிலா?"

அண்ணனின் வீட்டுக்குத் தெரு வடக்கே. வெயில் தெற்கே. வடக்குப் பார்த்த வெயிலறை என்பது, உப்பில்லாத உப்புமாவைக் காட்டிலும் மோசமான சமாசாரம். குளிர்காலம் பூராவும் ஒரு கிரணம் உள்ளே வராது. தெற்குப் பார்த்த அறையிலோ வெயில் வரும், மனிதர் வரமாட்டார். ஒரு நாள் பூராவும் இதையே பேசினோம். நல்ல வேளையாக அது மூலை வீடு. கிழக்கே ஒரு குறுக்குத் தெரு போகிறது. பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆகவே அறையைத் தென்கிழக்கு மூலைக்குத் தள்ளினோம். வெயிலுக்குத் தெற்குச் சுவர். மனிதருக்குக் கிழக்குச் சுவர்.

இஞ்சினியருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கிழக்கு ஜன்னலில் குளிர்காலத்து வரவைவிடச் செலவு அதிகம் என்றார்; கணக்கும் போட்டுக் காட்டினார். அவர் கணக்கு சரிதான். அந்த நஷ்டத்தை அண்ணன் ஒப்புக்கொண்டார். கிழக்கே மட்டும் மூன்று கண்ணாடி அடுக்குவது என்று முடிவாயிற்று. மேற்கே ஜன்னலே கிடையாது. கோடைச் சாயங்கால வெயிலை அங்கேயும் யாரும் விரும்புவதில்லை. ஜன்னல் தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குத் தெரு தெரிய வேண்டுமே. எழுந்து நின்று பார்ப்பதற்கு அவளுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. அவ்வளவு தாழ்வான இடத்தில் உடைந்தாலும் குத்தாத கண்ணாடிதான் போட வேண்டும் என்றார் இஞ்சினியர். போடட்டும்.

மற்றவை அவர் பொறுப்பு. அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்து மேலே எழும்பும் என்பதனால் அஸ்திவாரம் நாலடி இறங்க வேண்டும். நகராட்சி அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்க முடியாது. தரையில் நாலு அங்குலக் காங்கிரீட், மேலே ஓடு. பகல் வெயிலை அது வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் மெள்ள விடும். கீழேயும் ஓரங்களிலும் குளிர் ஏறாமல் தடுப்புப் பலகை வைத்தால்தான் அந்தச் சேமிப்பு நமக்கு, இல்லாவிட்டால் பூமாதேவிக்கு. வெயில் இல்லாத நாளைக்குத் தரைக்குள்ளேயே சூடேற்றும் கம்பி. வயதானவர்களுக்கு உள்ளங்கால் சூடாக இருந்தால் பாதிக் குளிர் தெரியாது. வீட்டுக்கும் அறைக்கும் நடுவே நன்றாகப் பொருந்துகிற ஒரு கதவு. ராத்திரியில் அதை மூடிவிட்டால் அறை குளிர்ந்தாலும் வீடு குளிராது.

ஈரத் துணியை அங்கே உலர்த்தக் கூடாது, செடி அதிகம் வைக்கக் கூடாது என்றும் இஞ்சினியர் எச்சரித்தார். உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாக வியர்த்து, சட்டத்தில் இறங்கிப் பூசணம் பிடிக்குமாம். துணியை விட்டுக்கொடுத்த பெரியம்மா, கறிவேப்பிலைத் தொட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது ஸ்கார்பரோத் தமிழர் வீடுகளில் ஒரு குடும்பக் கௌரவம். அறை தெற்கே வந்ததில் அதற்குத்தான் உடனடி லாபம்.

அந்தக் கோடையிலேயே அறையைக் கட்டி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டடிக்குப் பதினாலடி. நான் நேரில் இன்னும் பார்க்கவில்லை. பெரியம்மா டெலிபோனில் காட்டினாள். அறையைக் காட்டவில்லை, தெருவைத்தான் காட்டினாள். எட்டரைக்குப் போகிற பிள்ளைகள், நாய் பிடித்துக்கொண்டு போகிற சீனக் கிழவர், மூன்றாவது வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாள் என்று வரிசையாகச் சொன்னாள். ஊருக்குப் போவதைப் பற்றிக் கேட்கலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரையில் வந்தது, கேட்கவில்லை.

2024 ஜனவரியில் ஒரு நாள் அந்த யாழ்ப்பாணத்து அம்மாள் இரண்டு நாளாகத் தெருவில் தென்படவில்லை. பெரியம்மா அண்ணனை ஆபீசிலிருந்து வந்த காலோடு அங்கே விரட்டினாள். அந்த அம்மாள் காய்ச்சலில் தனியாகப் படுத்துக் கிடந்தாளாம். மகன் வேறு ஊரில். ரசமும் சோறும் ஒரு வாரம் போய்வந்தன. இப்போது அந்த அம்மாள் பகல் இரண்டு மணிக்குக் குடையும் கம்பளிச் சட்டையுமாக வந்துவிடுகிறாள். அவளோடு இன்னும் ஒருத்தியும் வருகிறாளாம். அறையில் இரண்டு நாற்காலிதான் இருக்கிறது. மூன்றாவது போட வேண்டுமானால் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்த வேண்டும் என்கிறார் அண்ணன். அது பற்றித்தான் தாயாருக்கும் மகனுக்கும் இப்போது தகராறு.