ஜூபிலி ரயிலில் ஒரு பள்ளி தேடல்!

லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் ஓடும் கோடுதான் ஜூபிலி லைன். வடமேற்கு மூலையில் ஸ்டான்மோரில் கிளம்பி, வெம்பிளி வழியாக நகரின் நடுவுக்கு வந்து, அப்படியே கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு வரை போகிறது. சுற்றுலா வருபவர்களுக்கு இது வெம்பிளி ஸ்டேடியத்துக்கும், பேக்கர் ஸ்ட்ரீட் வாசலில் நிற்கும் ஷெர்லாக் ஹோம்ஸ் சிலைக்கும் போகிற ரயில். ஹாரோ பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கோ, அதிலும் வீட்டில் பத்து வயதுப் பெண் குழந்தை இருந்தால், இது பள்ளிக்கூட ரயில்!

காரணம், இந்தத் தடத்தை ஒட்டி லண்டனின் பெயர்பெற்ற தனியார் பெண்கள் பள்ளிகள் சில இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் அவை 'ஓப்பன் டே' நடத்தும். பெற்றோரும் பிள்ளைகளும் உள்ளே போய் வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கலாம். குயின்ஸ்பரியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நான் போயிருந்தது சரியாக அந்த சமயத்தில். அவளும் அவள் மகளும் பள்ளி பார்க்கக் கிளம்ப, நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

முதலில் அந்த ஊர் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆரம்பப் பள்ளி 11 வயதோடு முடிந்துவிடும். அடுத்த செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி. அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. அவற்றிலேயே 'கிராமர் ஸ்கூல்' எனப்படும் சிலவற்றில் நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளுக்கு 'இண்டிபெண்டன்ட் ஸ்கூல்' என்று பெயர். நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேர்தான் அங்கே படிக்கிறார்கள். அதற்கும் தேர்வு, நேர்காணல் எல்லாம் உண்டு. பிள்ளைகள் பத்து, பதினோரு வயதில் எழுதும் இந்தத் தேர்வுக்குத்தான் 'இலெவன் பிளஸ்' என்று பெயர்.

லண்டனில் இந்தப் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் சாதாரணமாக 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. சிலவற்றில் 30,000-ஐயும் தாண்டும். நம் பணத்தில் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல். 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மீது 20 சதவிகித வாட் வரி வேறு. 18 வயது வரை ஏழு வருடங்கள் கட்ட வேண்டும். "வீட்டுக் கடன் தவணையைவிட இது அதிகம்க்கா" என்றாள் தங்கை. அவள் மகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நின்று ஒரு வருடமாகிறது. அந்த நேரத்தை இலெவன் பிளஸ் டியூஷன் எடுத்துக்கொண்டுவிட்டது.

கேனன்ஸ் பார்க்: மாளிகைக்குள் பள்ளி

குயின்ஸ்பரியிலிருந்து ஸ்டான்மோர் பக்கம் ஒரே ஒரு நிறுத்தம், கேனன்ஸ் பார்க். இறங்கி நடந்தால் நார்த் லண்டன் காலேஜியேட் ஸ்கூல். பெயரைப் பார்த்துக் கல்லூரி என்று நினைத்துவிடாதீர்கள், பள்ளிதான். பெரிய மரங்கள், அகலமான புல்வெளி, நடுவே பழைய மாளிகை. 18-ம் நூற்றாண்டில் சாண்டோஸ் பிரபு இங்கே கட்டிய அரண்மனையில்தான் இசைமேதை ஹாண்டல் 1717, 18-ம் ஆண்டுகளில் இருந்து இசையமைத்தார். பிரபுவின் குடும்பம் கடனில் மூழ்க, 1747-ல் அரண்மனையை இடித்துக் கல்லையும் மரத்தையும் விற்றுவிட்டார்கள். அதே இடத்தில் பிறகு எழுந்த மாளிகையைப் பள்ளி 1929-ல் வாங்கியது.

ஆனால், பள்ளி தொடங்கியது மாளிகையில் அல்ல. 1850-ல் கேம்டன் பகுதியில் ஒரு சாதாரண வீட்டில். தொடங்கியவர் ஃப்ரான்சிஸ் மேரி பஸ். அப்போது அவருக்கு வயது 22. பெண் பிள்ளைகளுக்குத் தையல், பியானோ, கொஞ்சம் ஃபிரெஞ்சு போதும் என்றிருந்த காலம் அது. கணக்கும் அறிவியலும் வேண்டும் என்றார் பஸ். ஆண் பிள்ளைகள் எழுதிய கேம்பிரிட்ஜ் உள்ளூர்த் தேர்வைப் பெண்களும் எழுத, 1863-ல் ஒரு முறை சோதனையாக அனுமதி கிடைத்தது. பஸ் தன் மாணவிகளை அனுப்பினார். அந்தத் தேர்வில் மூத்த பெண்களில் பலர் கணக்கில் தோற்றார்கள். அதன் பிறகு கணக்குப் பாடத்தை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். 1865-ல் தேர்வு பெண்களுக்கு முறையாகத் திறந்துவிடப்பட்டது.

இந்தக் கதையைச் சொன்னதும் தங்கை மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் காலத்துல பொண்ணுங்களை எக்ஸாம் எழுதவே விடமாட்டாங்களா பெரியம்மா? லக்கி!"

சிரித்துவிட்டோம். ஆனால், அந்த வார்த்தை என்னை விடவில்லை. பெண்களும் தேர்வு எழுத வேண்டும் என்று போராடிக் கட்டிய பள்ளியின் வாசலில் நின்று, தேர்வே இல்லாத காலத்து அதிர்ஷ்டத்தை நினைத்து ஒரு பத்து வயதுக் குழந்தை ஏங்குகிறாள்!

ஃபின்ச்லி ரோடு: நகரத்துக்குள் பள்ளி

கேனன்ஸ் பார்க்கிலிருந்து ஒன்பதாவது நிறுத்தம், ஃபின்ச்லி ரோடு. மேட்டுத் தெருவில் ஏறினால் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ். உளவியல் மேதை சிக்மண்ட் ஃப்ராய்டு கடைசி நாள்களைக் கழித்த வீடு, இன்று அருங்காட்சியகமாக, இந்தத் தெருவில்தான் இருக்கிறது. அதே தெருவில் சவுத் ஹாம்ப்ஸ்டெட் ஹை ஸ்கூல், 1876-ல் தொடங்கியது. நடிகை ஹெலெனா போன்ஹாம் கார்ட்டர் படித்த பள்ளி.

இது தனிப் பள்ளி அல்ல. 1872-ல் மரியா கிரே, எமிலி ஷிரெஃப் சகோதரிகளும் அவர்கள் தோழிகளும் சேர்ந்து, பங்குகள் விற்றுப் பணம் திரட்டி ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் பள்ளி திறப்பதுதான் அதன் வேலை. இன்று ஜி.டி.எஸ்.டி. என்ற அறக்கட்டளையாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது.

கேனன்ஸ் பார்க்கில் கண்ட புல்வெளி இங்கே இல்லை. நெருக்கமான நகர வளாகம். ஆனால், ரயிலைவிட்டு இறங்கினால் சில நிமிட நடை. இப்படி ஒரு பள்ளியின் நிறை இன்னொன்றில் குறை. எது முக்கியம் என்பதைப் பிள்ளையின் சுபாவம்தான் சொல்ல வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு மைதானம் பெரிது. புத்தகமும் ஓவியமுமாக இருக்கும் பிள்ளைக்கு வீடு சீக்கிரம் வந்து சேர்வது பெரிது.

ஹார்லி ஸ்ட்ரீட்: எல்லாம் தொடங்கிய இடம்

மறுபடி ரயிலேறி பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்தால், டாக்டர்களின் தெரு என்று பெயரெடுத்த ஹார்லி ஸ்ட்ரீட். மருத்துவர் பலகைகளுக்கு நடுவே குயின்ஸ் காலேஜ். வீடுகளில் தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியைகளுக்கு முறையான படிப்பு வேண்டும் என்று 1848-ல் எஃப்.டி.மாரிஸ் என்ற பேராசிரியர் தொடங்கியது. நாம் பார்த்த பஸ், இங்கே மாலை வகுப்புகளில் படித்தவர்தான். எழுத்தாளர் கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டும் இங்கே படித்தவர்.

என்ன கேட்க வேண்டும்?

எல்லாப் பெற்றோரும் கையில் வைத்திருப்பது பத்திரிகைகள் வெளியிடும் தரவரிசைப் பட்டியல். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடினமான தேர்வு வைத்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் உள்ளே எடுக்கும் பள்ளி, பட்டியலில் மேலே இருப்பதில் ஆச்சர்யமில்லை. அந்த மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பட்டியல் சொல்லாது.

அதனால் தங்கை வேறு கேள்விகளைக் கேட்டாள். வகுப்பில் நடுவில் இருக்கும் பெண்ணை எப்படிக் கவனிக்கிறீர்கள்? 16 வயதில் எத்தனை பேர் பள்ளியை விட்டுப் போகிறார்கள், ஏன்? விளையாட்டு முடிந்து தாமதமாகக் கிளம்பும் பிள்ளைக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

பண விஷயத்தில் கவனிக்க வேண்டியவை தனி. விண்ணப்பிக்கவே பல பள்ளிகளில் நூறு பவுண்டுக்கு மேல் ஆகிறது. தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் திரும்ப வராது. 'ஸ்காலர்ஷிப்' என்பது பெரும்பாலும் திறமைக்கான கௌரவம். கட்டணத்தில் சிறு தள்ளுபடிதான் கிடைக்கும். குடும்ப வருமானம் பார்த்துக் கொடுப்பது 'பர்சரி'. அது முழுக் கட்டணம் வரைகூடப் போகும். இடையில் பிள்ளையை நிறுத்த நினைத்தால் ஒரு பருவம் முன்னதாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பருவத்துக் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

தங்கை மகளிடம் ஒரே கேள்விதான் இருந்தது. ஓப்பன் டேயில் சுற்றிக் காட்டுவது அங்கே படிக்கும் மாணவிகள்தான். ஒரு பள்ளியில் அப்படி வந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்: "இங்க டெஸ்ட்ல மார்க் கம்மியாயிட்டா என்ன ஆகும்?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "மிஸ் கூப்பிட்டுப் பேசுவாங்க. எனக்குப் போன வாரம்தான் ஆச்சு" என்று சிரித்தாள். பெற்றோர் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களைவிட, அந்தப் பதில்தான் பிள்ளையின் முகத்தைத் தெளிய வைத்தது.

பஸ் அம்மையாரின் இரண்டாவது பள்ளி

பஸ் பற்றி இன்னொரு செய்தி உண்டு. முதல் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்காக 1871-ல் குறைந்த கட்டணத்தில் இன்னொரு பள்ளி திறந்தார். அதுதான் கேம்டன் ஸ்கூல் ஃபார் கேர்ல்ஸ். நடிகை எம்மா தாம்ப்சன் படித்தது அங்கேதான். இன்று அது அரசுப் பள்ளி, கட்டணமே கிடையாது. ஒரே பெண்மணி தொடங்கிய இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்கு வருடத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல், இன்னொன்றுக்கு ஒரு பென்னியும் இல்லை. இரண்டிலிருந்தும் படித்த பெண்கள் வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இது தெரிந்த பிறகு தங்கைக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியது. தனியார் பள்ளிகளில் இரண்டுக்கு மட்டும் விண்ணப்பிப்பது, அந்த இரண்டையும் மகளே தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. லண்டனில் அரசுப் பள்ளிகளுக்கான படிவத்தில் ஆறு விருப்பங்கள் எழுதலாம். அக்டோபர் 31 கடைசி நாள், மார்ச் 1-ல் முடிவு. அந்த ஆறையும் நிரப்பிவிட்டார்கள்.

தனியார் பள்ளித் தேர்வுகள் ஜனவரியோடு முடிந்துவிடும். எங்கே இடம் கிடைத்தாலும் பிப்ரவரி முதல் சனிக்கிழமைகளில் மறுபடி தமிழ் வகுப்பு என்று தங்கை பெயர் கொடுத்துவிட்டாள். அதற்கு நுழைவுத் தேர்வு இல்லை!