பாயின்ட் நிதானமாகத் திரும்பட்டும்

வெள்ளி இரவு

என் மாடல் ரயில் யார்டில் தடம் மாற்றும் பாயின்ட்களுக்கு எந்த மோட்டார் என்று இன்று முடிவாகிவிட்டது. பெக்கோவின் பிஎல்-10 மாதிரி இரட்டைக் காயில் மோட்டார் விலை குறைவு, பொருத்துவதும் சுலபம். ஆனால் 'டக்'கென்று ஒரே அடியில் நாக்குத் தண்டவாளத்தைத் தள்ளிவிடும். நிஜ ஸ்டேஷனில் ஒருபக்க நாக்கு விலகி, மறுபக்க நாக்கு நகர்ந்துபோய் ஒட்டிக்கொள்ளச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த நகர்வு இல்லாவிட்டால், 1:87 அளவில் எவ்வளவு நுணுக்கமாக ஸ்டேஷன் கட்டினாலும் எனக்கு மனம் நிறையாது. ஆகவே நாக்கை மெதுவாக நகர்த்தும் டார்டாய்ஸ் மோட்டார்தான்.

மலைக்கடியில் மறைந்துள்ள லைன்களுக்குக் காயில் மோட்டார் போதும். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் மட்டும் கட்டாயம் வேண்டும். பட்டன் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டாலும், சேர்ந்திருந்த கரண்ட் ஒரே வீச்சில் தீர்ந்துவிடும், காயில் கருகாது.

சனி

ரிச்சி தெருவில் ஆறு கால் டாகிள் சுவிட்சுகள் வாங்கினேன். "சர்வோ எடுத்துக்கங்க சார், மலிவா முடியும்" என்றார் கடைக்காரர். மலிவுதான். ஆனால் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பல்ஸ் அனுப்ப போர்டு, புரோகிராம், பாயின்ட்டின் ஃபிராக் முனைக்குத் துருவம் மாற்றத் தனி ரிலே என்று வேலை நீளும்.

ஞாயிறு

டார்டாய்ஸின் அருமை, கடைசிவரை திரும்பி முட்டி நின்ற பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கலாம் என்பது. 12 வோல்ட்டில் 15 மில்லிஆம்பியர் அளவுதான் இழுக்கும். சுவிட்சின் மூலைக் கால்களைக் குறுக்காக இணைத்து, நடுக் கால்களிலிருந்து மோட்டாரின் 1, 8 முனைகளுக்கு ஒயர் கொடுத்தேன். அவ்வளவுதான், சுவிட்சை மாற்றினால் துருவம் மாறும், மோட்டார் எதிர்ப்பக்கம் திரும்பும். அதே ஒயரின் நடுவே சிவப்பும் பச்சையுமாக இரண்டு எல்இடிகளை எதிரெதிராகப் பிணைத்தேன். ரெசிஸ்டர் தேவையில்லை, மோட்டாரே கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. எல்இடி 2 வோல்ட்போல எடுத்துக்கொள்வதால் நாக்கு இன்னும் நிதானமாக நகர்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

அடுத்து ஃபிராக். இரண்டு தண்டவாளங்களும் வெட்டிக்கொள்ளும் அந்த முனையில் கரண்ட் இல்லையென்றால் சக்கரம் குறைந்த ஷண்டிங் எஞ்சின் ஊர்ந்து வரும்போது அங்கேயே நின்றுவிடும். பாயின்ட் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப ஃபிராக்கின் துருவமும் மாறியாக வேண்டும். டார்டாய்ஸுக்குள்ளேயே அதற்கான தொடர்புகள் உண்டு: 2, 3 முனைகள் இரு தண்டவாளங்களுக்கு, 4 ஃபிராக்குக்கு. எஞ்சினை மிக மெதுவாக விட்டுப் பார்த்தேன். முகப்பு விளக்குகூடச் சிமிட்டவில்லை.

நாளை மற்ற பாயின்ட்கள். மோட்டாருக்கு மஞ்சள் ஒயர், ஃபிராக்குக்குப் பச்சை. யார்டு முழுக்க இதே நிறங்கள்.