உரிமமும் கடமையும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாத மாலை. கணவனும் மனைவியுமாக நாங்கள் தஞ்சையிலிருந்து அம்மாபேட்டைக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டிற்கு மொபெட்டில் சென்றுகொண்டிருந்தோம். சம்பா அறுவடைக் காலம். களம் போதாத ஊர்களில் தார்ச்சாலையே களமாகிவிடும் என்பதைக் காவிரிப் படுகையில் பிறந்தவர்கள் அறிவார்கள். அன்றும் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. இருள் கவியும் அவ்வேளையில், குனிந்து நெல்லைக் குவித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், வண்டி ஓட்டியவர் கண்ணுக்குத் தென்படவே இல்லை. பின்னால் இருந்தவர் அலறிய பிறகுதான் வண்டி திரும்பியது. நெற்குவியலில் ஏறிச் சரிந்தது. அந்த அம்மாவுக்கு அடி ஏதுமில்லை. எங்களுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

சிதறிய நெல்லை அள்ள முனைந்த எங்களை அவர் தடுத்தார். "நெல்லு செதறுனா அள்ளிக்கலாம்யா. மனுசன் செதறுனா அள்ள முடியுமா? பாத்துப் போங்க" என்றார்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்த வண்டியை இருவரும் மாறி மாறி ஓட்டுகிறோம். இருவரிடமும் ஓட்டுநர் உரிமம் கிடையாது! "மொபெட்டுக்கு எதற்கு?" என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்பதை அறிந்திருந்தோம், அஞ்சவில்லை. எங்களை உலுக்கியது வேறொன்று. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டி மோதினால், காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுத்து வழக்காட இடமுண்டு. அந்த மூதாட்டிக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அவருடைய குடும்பம் இழப்பீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியிருக்குமோ?

விண்ணப்பிக்க முடிவு செய்தோம். அதைக் கேள்வியுற்று ஒருவர் வீடு தேடி வந்தார். "டாக்டர் சர்டிபிகேட்டுலேருந்து எட்டுப் போடுற வரைக்கும் நான் பாத்துக்கறேன் சார். நீங்க போட்டோவுக்கு வந்தாப் போதும்" என்றார். சபலம் எழவில்லை என்று சொன்னால் அது பொய். தொகையைக்கூட எண்ணி வைத்தோம். ஆனால் அந்த மூதாட்டியின் முகம் எங்களை விடவில்லை. நேர்வழியிலேயே சென்றோம்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்று தர வேண்டும் என்பது விதி. மருத்துவர் கண்ணைச் சோதித்தார். அன்று வண்டி ஓட்டியவருக்குத் தூரப்பார்வை மங்கியிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. "இந்தக் கண்ணோடயா சாயங்காலத்துல ஓட்டுனீங்க?" என்ற மருத்துவருக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. வீடு தேடி வந்தவரிடம் சான்றை வாங்கியிருந்தால், உரிமம் வந்திருக்கும், பார்வை வந்திருக்குமா?

அடுத்தது பழகுநர் உரிமத்திற்கான தேர்வு. சாலைக் குறியீடுகள், ஆளில்லாத இரயில் கடவையில் காக்க வேண்டிய எச்சரிக்கை, விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை ஆகியன பற்றிய கேள்விகள். காயமுற்றவரை மருத்துவ உதவிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. சட்டநூலில் இவ்வளவு ஈரம் உண்டா என்று வியந்தோம்.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். குறைந்தது 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டிக் காட்டலாம். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தைக் கட்டிக்கொண்டோம். பழகுபவர், கற்றுத்தரும் உரிமதாரரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றலாகாது. எனவே அந்நாள்களில் ஒருவர் வண்டியிலும் மற்றவர் பேருந்திலுமாகக் கடைத்தெருவுக்குச் சென்றோம். அக்கம்பக்கத்தார் எங்களுக்குள் மனத்தாங்கல் என்றே எண்ணினர்!

தேர்வு நாளில் எங்களில் ஒருவர் எட்டு வடிவத்தைப் பிசகின்றிப் போட்டார். இருபது ஆண்டு அனுபவத்தைப் பெரிதும் நம்பிய மற்றவர் வளைவில் காலூன்றித் தோற்றார். ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம் என்றனர். வீட்டின் பின்புறத் திடலில் செங்கற்களை அடுக்கிப் பழகினார், மறுமுறை தேறினார். எங்கள் வயதுக்கு உரிமம் பத்து ஆண்டு செல்லும்.

அவ்வாண்டு ஆவணியில், தஞ்சை நாகை சாலையில் வேளாங்கண்ணிக்கு நடந்துசெல்லும் திருப்பயணிகளைக் கண்டோம். காவியுடை அணிந்த முதியோரும் தோளில் குழந்தை சுமந்த தாயரும் சாலையோரமாக நடந்தார்கள். பின்னால் வரும் வண்டியை ஓட்டுபவர் யார், அவருக்குக் கண் தெரியுமா என்று அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடியோடு, வேகத்தைக் குறைத்து அவர்களைக் கடந்தோம்.

முன்பின் அறியாத அவர்கள் நம்மீது வைக்கும் அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் கையொப்பமே உரிமம். வாசக அன்பர்களே, உங்கள் வீட்டு வண்டியை யார் யார் ஓட்டுகிறார்கள்? இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.