விரைவும் வரம்பும்

சென்னை மாநகரையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களைத் தொடுத்துக்கொண்டு பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே செல்கின்றது. தோல் பதனிடுதலும் காலணி தைத்தலும் இந்நிலப்பகுதியின் தலையாய தொழில்கள். பொழுது புலர்ந்ததும் சுற்றுச் சிற்றூர்களினின்று பெண்டிர் பலர் உணவுத் தூக்கினைக் கையிலேந்தித் தொழிற்சாலைப் பேருந்தை எதிர்நோக்கிச் சாலையோரத்தில் நிற்பர். மாலையில் வேலை முடிந்து அச்சாலையைக் கடந்தே பலர் வீடு திரும்புவர். நெடுந்தொலைவு செல்லும் வண்டியோட்டிக்கோ, ஆம்பூர் என்பது பிரியாணிக் கடைகளின் பெயர்ப்பலகைகள் சில நிமிடங்கள் தோன்றி மறையும் ஓர் இடம், அவ்வளவே.

இத்தகைய சாலைகளின் ஓரத்தே காவல் துறையின் வண்டியொன்று சிற்சில வேளைகளில் நிற்பதுண்டு. வேகத்தை அளக்கும் கருவியும் நிழற்படக் கருவியும் அதில் அமைந்திருக்கும். இன்று ஓரிடத்தில் நிற்பது நாளை வேறோரிடத்தில் நிற்கும். மகிழுந்தில் விரைந்து செல்லும் ஒருவர் அதனைக் கவனியாமலே கடந்துவிடுகிறார் என்று கொள்வோம். வீடு சேர்ந்தபின் அவருடைய கைப்பேசிக்கு அறிவிக்கை வருகின்றது. வண்டியின் எண், இடம், நேரம், சென்ற வேகம், செலுத்தவேண்டிய தண்டம் ஆகிய யாவும் அதில் கண்டிருக்கின்றன. அவர் உள்ளத்தில் முதற்கண் எழுவது சினமே. “சாலை வெறுமையாகத்தானே இருந்தது? என்னினும் விரைந்து சென்றோர் இலரோ? மறைந்து நின்று பிடித்தல் முறையாகுமோ?” என்று அவர் வினவுகிறார். இம்மூன்று வினாக்களும் ஆராயத்தக்கவை.

அதற்குமுன் அக்கருவி இயங்கும் வகையை அறிதல் நன்று. காட்பாடி நிலையத்தில் நிற்போர், ஊதிக்கொண்டு அணுகும் இருப்பூர்தியின் ஒலி உயர்ந்தும், அது கடந்து அகலும்போது தாழ்ந்தும் கேட்பதை உணர்வர். இவ்வியல்பினை 1842-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கினார். கருவியினின்று செல்லும் ரேடார் அலை ஓடும் வண்டியின்மீது பட்டுத் திரும்புங்கால், அதன் அதிர்வெண் வண்டியின் வேகத்திற்கேற்ப மாறுகின்றது. அம்மாற்றமே வேகத்தைக் காட்டிவிடும். லேசர்க் கருவியோ ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தி, அவை சென்று மீளும் காலத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கின்றது.

சாலையில் வேகத்தை அளக்கும் கருவிகளை முதன்முதல் ஆக்கியோருள் ஒருவர் டச்சு நாட்டினரான மாஸ் கட்சோனிடஸ். அவர் 1953-ஆம் ஆண்டு மான்டி கார்லோ மகிழுந்துப் பந்தயத்தில் வாகை சூடியவர். வளைவுகளில் தாம் திரும்பும் வேகத்தை அளந்தறிந்து, இன்னும் விரைந்து செல்லும்பொருட்டே அவர் அக்கருவியை அமைத்தார். விரைவை வளர்க்கப் பிறந்த அது, பின்னர் விரைவை அடக்கும் கருவியாயிற்று!

இனி, முதல் வினாவைக் காண்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஒருவர் வருவதைக் கண்டு, கால் தடையை மிதிப்பதற்குள்ளேயே அத்தொலைவு கழிந்துவிடுகின்றது. மேலும், வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். தடையிட்டபின் அது நிற்பதற்கு வேண்டிய தொலைவும் அவ்வாறே நான்கு மடங்காகும். வெறுமையாகத் தோன்றும் சாலையில் ஒரு குழந்தையோ கன்றோ புகுவதற்கு ஒரு நொடி போதும். அந்நொடியில் ஓட்டுநரின் திறமை உதவாது. முன்னரே குறைத்துக்கொண்ட வேகமே உதவும்.

இரண்டாம் வினாவிற்கு விடை எளிது. பிறர் செய்த பிழை நம் பிழையைக் கழுவுவதில்லை. அன்றியும், கருவி முகம் பார்ப்பதில்லை. செல்வர், வறியர், வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேறுபாடு அதற்கு இல்லை.

மூன்றாம் வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் தானும் வரம்பிற்கு உட்பட்டு நடத்தல் வேண்டுமன்றோ? 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பெற்றபோது, மின்னணுக் கருவிகளால் சாலைகளைக் கண்காணித்தற்கு இடமளிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற விதிகள் அக்கருவி உரிய சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும், கண்காணிப்பு உண்டு என்று அறிவிக்கும் பலகை சாலையில் இருத்தல் வேண்டும், அறிவிக்கையை 15 நாட்களுக்குள் அனுப்புதல் வேண்டும் என்று பணித்தன. இவை பேணப்படாத இடத்தில் முறையிடுதல் குடிமகனின் உரிமை. ஆயின், இடம் மாறி நிற்பதனையே வஞ்சகம் என்றல் பொருந்தாது. நிலையாக ஓரிடத்தில் நிற்கும் கருவியைக் கண்டு அவ்விடத்தில் மட்டும் வேகத்தைத் தணித்து, கடந்தவுடன் மீண்டும் விரைவோர் பலர். இடம் மாறும் கருவியோ சாலை முழுவதும் அடக்கத்தைக் கற்பிக்கின்றது.

இவ்விடத்தில் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைத்த மனுநீதிச் சோழன் வரலாறு நினைவிற்கு வருகின்றது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. கன்று தானே துள்ளி வந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்தானல்லன். ஆயினும், கன்றின் தாய் அசைத்த மணியோசை கேட்ட மன்னன், தன் மகன் என்று பாராமல் முறை செய்யத் துணிந்தான். அம்மன்னனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கின்றது. 2018-ஆம் ஆண்டில் நடுவண் அரசு விரைவுச் சாலைகளில் மகிழுந்துகளுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வேக வரம்பினை உயர்த்தி ஆணையிட்டது. விபத்தொன்றின் இழப்பீட்டு வழக்கை ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் அவ்வாணையை நீக்கித் தீர்ப்பளித்தது.

விரைவினால் பெறும் ஊதியந்தான் எவ்வளவு? வேலூரினின்று ஆம்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் முப்பத்தேழரை நிமிடத்தில் சேர்வார். 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 30 நிமிடத்தில் சேர்வார். ஏழரை நிமிடமே மிச்சம். அதனைப் பெறுதற்காகப் பணயமாக வைக்கப்படுவது தம்முயிர் மட்டுமன்று. அவ்வழியே நடந்து செல்லும் பிறருயிருமாகும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மகிழுந்து போன்ற இலகு வண்டிகளுக்கு விதித்த தண்டம் 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. அதனைச் செலுத்துவோர் பொருள் இழந்தோமே என்று வருந்துதல் இயல்பு. பொருளை மீண்டும் ஈட்டலாம். போன உயிரை மீட்டல் யார்க்கும் இயலாது. ஆதலின், கருவி காண்கின்றது என்னும் அச்சத்தால் அன்றி, சாலை எல்லார்க்கும் பொது என்னும் உணர்வால் வரம்பு காத்து ஊர்திகளைச் செலுத்துதலே நன்மக்கட்கு அழகாகும்.