நோகாமற் காணும் நோக்கு

உயிரின் இயக்கத்தைக் காண விழைந்த மனிதன் பெரும்பாலும் அவ்வியக்கம் நின்ற பின்னரே அதனைக் கண்டான். நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பெற்ற உயிர்க்கலம் ஏறத்தாழ நிறமற்றது. அதன் உள்ளமைப்புப் புலப்படுதற்பொருட்டு அது பதப்படுத்தப்பட்டது, சாயமூட்டப்பட்டது. காட்சி தெளிந்தது, காணப்பட்டதோ பிணம்.

ஒளிரும் புரதங்கள் இக்குறையைப் பெரிதும் போக்கின. இழுதுமீனிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிர்புரதத்தை வாழும் கலத்தின் புரதங்களோடு இணைத்து, அவற்றின் நடமாட்டத்தைத் தொடர முடிந்தது. ஆயினும் அவ்வொளிர்புரதம் 238 அமினோவமிலங்களாலானது. அதனைச் சின்னஞ்சிறு குளுக்கோசு மூலக்கூறின்மீது ஏற்றுதல், எறும்பின் முதுகில் யானையை ஏற்றுதல் போன்றதாகும். அதன்பின் எறும்பின் இயல்பான நடையைக் காண்பதெங்ஙனம்?

இவ்விடத்திலேதான் சேர். சி. வி. இராமனின் கண்டுபிடிப்புத் துணைக்கு வருகின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் ஆய்ந்து, 1928இல் ஓருண்மையை நிறுவினார். மூலக்கூறிற் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி, கோடியில் ஒன்று என்னும் அளவினது, அம்மூலக்கூறின் அதிர்வுக்கேற்பத் தன் நிறம் மாறி வெளிவருகின்றது. ஒவ்வொரு வகைப் பிணைப்புக்கும் தனக்குரிய அதிர்வு உண்டு. அதுவே அதன் குரல்.

ஆனால், கலத்தினுள் எண்ணற்ற மூலக்கூறுகள் ஒருங்கே குரலெழுப்புகின்றன. சந்தை இரைச்சலில் ஒருவன் குரலைப் பிரித்தறிவது எவ்வாறு? இரசாயனவியலாளர் கண்ட வழி நுட்பமானது. சதமமீற்றருக்கு 1800 முதல் 2800 வரையான அலையெண்களிற் கலத்தின் மூலக்கூறுகள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. மும்மைப் பிணைப்பால் இணைந்த இரு காபன் அணுக்களோ 2100ஐ அண்டி ஒலிக்கின்றன. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர், இவ்விணையைத் தாங்கிய தைமிடின் போலியொன்றை உயிருள்ள கலங்களுக்கு ஊட்டினர். கலம் அதனைத் தன் பொருளெனவே ஏற்று டீ.என்.ஏ.யிற் சேர்த்தது, புதிதாய் உருவான மரபுப்பொருள் கருவினுட் புலப்பட்டது. 2014இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வெய் மின் குழுவினர், தூண்டிய இராமன் சிதறல் என்னும் விரைவான முறையால், புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ. ஆகியவற்றுக்கும் இவ்வுபாயத்தை விரித்தனர்.

எனினும் குறைகள் உள. குரல் மெல்லியதாதலின், அடையாளமிட்ட மூலக்கூறுகள் மிகுதியாய் இருத்தல் வேண்டும். கூர்ந்து கேட்டற்கு லேசர் ஒளியைப் பெருக்கின் கலம் ஊறுபடும். அத்தைமிடின் போலியும் முற்றிலும் தீங்கற்றதன்று, டீ.என்.ஏ.யிற் சேர்ந்தபின் அது கலத்துக்குக் கேடு விளைத்தலும் உண்டு. இரு அணுக்களும் ஒரு தலையீடே.

வினாக்கொத்தோடு ஊருக்குட் புகும் சமூகவியல் மாணவனுக்கும் இச்சிக்கல் புதியதன்று. அவன் வரவினாலேயே ஊரின் பேச்சு மாறிவிடுகின்றது. சுவடின்றி அறிதல் எவர்க்கும் வாய்ப்பதில்லை. தான் ஏற்றும் சுமையை அறிந்து அதனை இயன்றமட்டும் குறைத்தலே, உயிருள்ளதை ஆராய முற்படுவோன் அவ்வுயிருக்குச் செலுத்தத்தக்க மரியாதையாகும்.