சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது முன்னோர் வாக்கு. உடல்நலம் இருந்தால்தான் எதையும் சாதிக்கலாம் என்று அதற்குப் பொருள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் வேறொன்றையும் கண்டோம். சாய இருந்த சுவரைச் சில வேளை சித்திரமும் தாங்கிப் பிடிக்கும்.

காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை அன்று எங்களுள் ஒருத்தி வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள் அவள்! "ஏட்டி, என்னாச்சு?" என்று சூழ்ந்துகொண்டோம். "கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் கை வேர்த்துட்டு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது, ஒண்ணுமே ஞாபகம் வரல" என்றாள். எங்களில் சிலர் சிரித்துவிட்டோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். சிரித்த எங்களுக்கும் இரவில் அதே படபடப்பு உண்டு. அதை ஒருவரும் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுவாரம் நன்னெறி வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். நடுவில் ஒரு பெட்டி கிரேயான். "உங்கள் பயத்தை வரையுங்கள், பிள்ளைகளா. அழகாக இருக்க வேண்டாம். இதற்கு மார்க்கும் கிடையாது" என்றார்கள். மார்க் இல்லாத வேலை எங்களுக்குப் புதிது! ஒருத்தி முள் இல்லாத கடிகாரம் வரைந்தாள். இன்னொருத்தி, ரிசல்ட் அன்று "எத்தனை மார்க்?" என்று கேட்கப்போகும் வாய்களை மட்டும் வரைந்தாள். நம் தோழியோ கருப்பு வண்ணத்தில் ஒரு விசைத்தறி வரைந்தாள். அதில் நூலே இல்லை.

சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்திலேயே உறங்கிப் பழகியவர்கள் நாங்கள். அவள் வீட்டுத் தறி இரண்டு மாதமாக ஓடவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. கடனைப் பற்றிப் பெற்றோர் பேசியதைக் கேட்டவள், மார்க் குறைந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று தானாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஐந்து ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் வாய் சொல்லாததை ஒரு கிரேயான் சொல்லிவிட்டது.

இப்படி மனத்தைத் தேற்றும் முறைக்கு ஓவிய சிகிச்சை என்று பெயர் என்றார்கள் சிஸ்டர். காசநோய் மருத்துவமனையில் இருந்தபோது ஓவியத்தால் மனம் தேறிய இங்கிலாந்து ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942-இல் அப்பெயரை வழங்கினாராம். நமக்கு அருகில் இலங்கையின் மட்டக்களப்பிலும் ஒரு சான்று உண்டு. போரினால் கலங்கிய குழந்தைகளுக்காக, இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் 1996-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். குண்டுச் சத்தம் கேட்ட பிள்ளைகளுக்கே அது துணை நின்றதென்றால், பரீட்சைக்கு நடுங்கும் எங்களுக்கு நிற்காதா?

கண்ணும் கையும் ஒரு கோட்டில் நிலைக்கும்போது மூச்சு நிதானப்படுகிறது. உள்ளே உருவமின்றிக் கிடந்த பயம் தாளில் வந்ததும், அதைத் தள்ளி வைத்துப் பார்க்க முடிகிறது. மார்கழிக் காலையில் கோலம் போடும் அம்மாவின் முகத்தில் உள்ள அமைதியின் காரணம் எங்களுக்கு இப்போது விளங்குகிறது.

தோழியின் சம்மதத்தோடு சிஸ்டர் அவள் அப்பாவை அழைத்துப் பேசினார்கள். "தறி நின்னா என்ன, ஒன் படிப்பு நிக்காது தாயீ" என்று அவர் சொன்னபோது கதவருகே நின்ற நாங்களும் அழுதுவிட்டோம்.

பயம் அடியோடு போய்விட்டதா? இல்லை. அரையாண்டுத் தேர்விலும் அவள் கை வேர்த்தது. ஆனால் வினாத்தாள் வருமுன் பெஞ்சின் மேல் விரலாலேயே ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று போட்டாள். பிறகு பேனாவைத் திறந்தாள். அறுபத்தெட்டு மார்க்! முன்பு வாங்கியதைவிடக் குறைவுதான். எங்களுக்கு அது நூறு.

அன்புத் தங்கைமாரே, படம் வரைந்தால் எல்லாம் தீரும் என்று சொல்லமாட்டோம். உறக்கமும் பசியும் கெட்டால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். பெற்றோரே, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கல் கண்டால் உடனே கோபிக்காதீர்கள். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நாங்கள் சொல்லத் தெரியாமல் விட்டது அங்கே இருக்கலாம்.