வெண்ணெய் வாசமும் ஒரு கால்குலேட்டரும்!

பாண்டிச்சேரின்னதும் உங்க மனசு எங்கே பாயும்னு தெரியும் பாஸ். நாம போறது வேற ரூட்... பேக்கரி ரூட்! 1954 வரை பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊராச்சே. வொய்ட் டவுன் மஞ்சள் சுவர்களுக்கு நடுவே காலையில் நடந்தா, வெண்ணெய் வாசம் சட்டையைப் பிடிச்சு இழுக்கும்.

உள்ளே போய் 'கீஷ்' கேளுங்க. 'பை' மாதிரியே மொறுமொறு மாவுக் கிண்ணம். நடுவுல முட்டை, க்ரீம், சீஸ். எங்க அப்பாவுக்கு உயிர். ஆனா, இதயத்துல ஸ்டென்ட் வெச்ச பிறகு வாசலோடு சரி. அதான் கால்குலேட்டரை எடுத்தேன்.

150 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய். வெறும் கிண்ணமே 1,250 கலோரி தாண்டுது! பாதிக்கு மேல் வெண்ணெயோட கைங்கர்யம். அப்போ வெண்ணெயைக் குறைச்சிடலாமா? ம்ஹூம்! மாவு ரப்பர் மாதிரி இழுபடாம தடுக்கிறதே அந்தக் கொழுப்புதான். அதைக் குறைச்சா கிண்ணம் பலகையாயிடும். கிண்ணத்தையே குறைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

கிண்ணமே இல்லாம கலவையை மட்டும் பேக் பண்ணலாம். மொறுமொறுப்பு வேணும்னா ஃபிலோ... காகிதம் மாதிரி மெல்லிய மாவுத் தாள். நாலு தாளை அடுக்கி, நடுவுல மொத்தமா ரெண்டு மேஜைக்கரண்டி எண்ணெய் தடவினா, ஏறக்குறைய 500 கலோரிதான். க்ரீமுக்குப் பதிலா பால், சீஸுக்குப் பதிலா கீரை.

வீட்டுல செஞ்சு கொடுத்தேன். "அப்பளம் மாதிரி இருக்குடா"ன்னார் அப்பா. சொல்லிக்கிட்டே ரெண்டாவது துண்டை எடுத்தார்.

பாண்டியிலேயே ஒரிஜினலை ஒரு கை பார்த்துட்டீங்களா? சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. நடங்க!